தேக்கடி ஏரி: படகா, நடையா, கவி சாலையா?

"ரெண்டு நாள் தேக்கடி போறோம். அப்பாவுக்கு மூட்டு வலி, பையனுக்கு யானை பார்க்கணும், எனக்குக் கொஞ்சம் காட்டுல நடக்கணும். போட்டிங் போதுமா, டிரெக்கிங் போகலாமா, இல்ல கவிக்குப் போயிடலாமா?"

கோடை விடுமுறை நெருங்கும்போது இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். கேட்பவர்களில் பாதிப் பேர் கடைசியில் முடிவெடுக்காமலேயே தேக்கடியை ஒட்டிய ஊரான குமுளிக்குப் போய் இறங்குகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் முதலில் வந்து பேசும் தரகர் எதை விற்கிறாரோ அதில் ஏறிவிடுகிறார்கள். அப்படிப் போய் மனம் சலித்துத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காட்டின் மேல் குறையில்லை. தங்களுக்குப் பொருந்தாத வழியில் போனார்கள், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படகு, நடை, கவி சாலை மூன்றும் ஒரே ஏரியைக் காட்டும் மூன்று வழிகள் அல்ல. படகு ஏரியின் நடுவிலிருந்து கரையைக் காட்டுகிறது. நடை கரையிலேயே நிற்க வைக்கிறது. கவி என்பது வண்டிப்பெரியாறுக்குத் தெற்கே காட்டுக்குள் இருக்கும் ஓர் ஊர்; அந்தச் சாலையில் போனால் தேக்கடி ஏரி கண்ணிலேயே படாது. அங்கே இருப்பவை வேறு அணைகள், வேறு ஏரிகள். இது தெரியாமல் "கவி போனா ஏரியும் பார்த்த மாதிரி ஆச்சு" என்று கணக்குப் போடுபவர்கள் அதிகம்.

## ஏரியைப் பற்றிக் கொஞ்சம்

இது இயற்கை ஏரி அல்ல. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசுக்கும் 1886ல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. அதன்படி ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895ல் திறக்கப்பட்டது. அதன் பின்னால் மலை இடுக்குகளில் கிளை கிளையாகத் தேங்கி நிற்கும் நீர்தான் நாம் தேக்கடி ஏரி என்று சொல்வது. நீர்ப்பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். சுற்றியுள்ள காடு 1950ல் சரணாலயமானது, 1978ல் புலிகள் காப்பகமானது. இன்று 925 சதுர கிலோமீட்டர். அணைக்கு அன்று மூழ்கிய மரங்களின் கருத்த கட்டைகள் இன்னமும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கூடு கட்டும்.

மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்த நீர் கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்கும் மதுரைக்கும் போகிறது. கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறும்போது சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். அவற்றுக்குள் ஓடுவது இந்த ஏரித் தண்ணீர்தான்.

சுற்றுலாத் திட்டத்துக்கு இந்த வரலாறு எதற்கு என்று தோன்றலாம். அணை என்பதால் நீர்மட்டம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். எந்த வழி உங்களுக்கு லாபம் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அந்த மட்டம்தான். அதைப் பிறகு விளக்குகிறேன்.

## எதையெல்லாம் வைத்து முடிவு செய்வது?

கூட வருபவர்களின் உடம்பு. குழுவில் யார் மிக மெதுவாக நடப்பாரோ, அவரை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

கையில் உள்ள நேரம். படகுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், அதைச் சுற்றி இன்னும் இரண்டு மணி நேரம் போய்விடும். கவிக்கு ஒரு முழு நாள்.

எதைப் பார்க்க ஆசை? யானைக் கூட்டத்தைத் தூரத்தில் பார்ப்பதா, காட்டின் வாசனையும் சத்தமுமா, மலைச்சாலையும் அணைகளுமா? "எல்லாமே" என்று பதில் சொல்பவர்கள் ஒரு நாளில் முடியாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இடம் கிடைப்பது எவ்வளவு நிச்சயம்? மூன்றுக்குமே ஒரு நாளைக்கு இவ்வளவு பேர்தான் என்ற வரம்பு உண்டு.

உண்மையான செலவு. டிக்கெட்டில் அச்சிட்ட தொகை மட்டும் செலவல்ல. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கைத் தவிர்த்து, எங்கெல்லாம் பணம் போகும் என்று சொல்கிறேன்.

பருவமும் நீர்மட்டமும்.

வேண்டுமென்றே ஒன்றைச் சேர்க்கவில்லை: "எதில் போனால் புலி தெரியும்?" எந்த வழியிலும் அதற்கு உத்தரவாதம் கிடையாது. உத்தரவாதம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

## படகு

கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும் படகு விடுகின்றன. காலை 7.30 தொடங்கி மாலை 3.30 வரை ஒரு நாளில் ஐந்து சவாரிகள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போல.

நடக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே காட்டெருமை மேய்வதையும், மிளா தண்ணீரில் முழங்கால் நனைய நிற்பதையும், நீர்நாய்க் குடும்பம் மீனைக் கவ்விக்கொண்டு கரையேறுவதையும் பார்க்கலாம். காட்டு யானைக் கூட்டத்தைப் பாதுகாப்பாக, நின்று நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு எழுபது வயதுப் பாட்டிக்கும் மூன்று வயதுப் பேத்திக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பது இங்கேதான். இது சாதாரணமானதல்ல. டிரெக்கிங் ஆட்கள் படகை "டூரிஸ்ட் வேலை" என்று தள்ளிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். படகில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் ஏறுகிறார்கள். இன்ஜின் சத்தம் உண்டு. அதைவிட அதிகமாக நம் ஆட்களின் சத்தம் உண்டு. முற்பகல் 11.15 சவாரியிலும் மதியம் 1.45 சவாரியிலும் வெயில் ஏறி விலங்குகள் நிழலுக்குள் போயிருக்கும். இந்த இரண்டிலும் போய்விட்டு "ஒண்ணுமே தெரியல" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். போனால் 7.30 படகுக்கு, இல்லையென்றால் 3.30 படகுக்குப் போங்கள். மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி ஏரியின் மேல் கெட்டியாகப் படிந்துவிடும், அப்போது 9.30 தேவலை.

கண்ணுக்குத் தெரியாத செலவு: படகு டிக்கெட் தனி, காப்பகத்துக்குள் நுழையும் கட்டணம் தனி. சொந்தக் காரை ஆனவச்சால் வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் உள்ளே போக வேண்டும். அதற்கும் கட்டணம், அதற்கும் வரிசை. 7.30 படகு என்றால் 6 மணிக்கே ஆனவச்சாலில் இருப்பது நல்லது. பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து துறைக்குக் கொஞ்சம் நடை, பிறகு சரிவில் இறக்கம். நீர்மட்டம் குறைந்திருக்கும் மாதங்களில் படகு கீழே நிற்கும் என்பதால் அந்த இறக்கம் இன்னும் கூடும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துறையில் குரங்குகள் அதிகம்; கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு நடக்கும் குழந்தை அழாமல் திரும்பாது.

பாதுகாப்பு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் சாய்ந்ததும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. அதன் பிறகுதான் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், இருக்கையை விட்டு எழக்கூடாது என்ற கெடுபிடிகள் வந்தன. எதிர்க்கரையில் யானை தெரிந்ததும் எழுந்து ஓடத்தான் தோன்றும். குழந்தையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். ஜாக்கெட்டின் கொக்கி, வார் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். சரியில்லை என்றால் வேறு கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் பலரும் கேட்பது: படகில் போனால் பென்னிகுவிக் அணையைப் பார்க்கலாமா? முடியாது. சுற்றுலாப் படகு அணை வரை போகாது. அணைக்குப் பொதுமக்களை விடுவதில்லை. அணையை நினைத்துப் போகிறவர்கள் லோயர் கேம்ப்பில் உள்ள பென்னிகுவிக் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

## நடை

இதில் பல வகை உண்டு. தனியாக யாரையும் காட்டுக்குள் விடுவதில்லை. எந்த வகையானாலும் வனத்துறையின் கைடு கூட வருவார்.

மூன்று மணி நேர நடை. நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழு, ஒரு கைடு, நாலைந்து கிலோமீட்டர் தூரம். பெரும்பாலும் சமதளம்தான். தினமும் காலையில் வாக்கிங் போகிறவர் யாராலும் முடியும்.

மூங்கில் தெப்பம். காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணி வரை. முதலில் நடை, பிறகு மூங்கில் தெப்பத்தில் துடுப்புப் போட்டு ஏரியின் உட்பகுதிக்குப் பயணம், சாப்பாடு, மறுபடி நடை. 10 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கைடுகளோடு துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் வருவார். அரை நாள் வகையும் உண்டு.

எல்லை நடை. தமிழக எல்லையை ஒட்டிய மேட்டில் ஒரு முழு நாள் ஏற்றம். உச்சியில் நின்றால் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். தொடை வலிக்கும்.

கூடாரத்தில் தங்கும் புலித்தடம். ஓர் இரவு அல்லது இரண்டு இரவு. முன்பே நடந்து பழகியவர்களுக்கு மட்டும்.

இவற்றுக்குள் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் மூங்கில் தெப்பத்தைச் சொல்வேன். கட்டுரையிலேயே என் உறுதியான பரிந்துரை இதுதான். நடந்து கரையைப் பார்க்கிறீர்கள், தண்ணீரிலிருந்தும் பார்க்கிறீர்கள், அதுவும் இன்ஜின் சத்தம் இல்லாமல். தெப்பத்தின் மூங்கில்களுக்கு இடையே தண்ணீர் பொங்கிக் காலை நனைக்கும். உட்காரும் பலகை மட்டும் காய்ந்திருக்கும். துடுப்பு உங்கள் கையிலும் வரும். சுற்றித் திரும்பத் தெரியாமல் தெப்பம் பட்ட மரக்கட்டையில் உரசும்போது பின்னாலிருக்கும் கைடு ஒரே தள்ளலில் நேராக்கிவிடுவார். பெரிய படகு நுழைய முடியாத சின்னக் கிளைகளுக்குள் இது போகும்.

நடையின் அருமையே கைடுகள்தான். இவர்களில் ஒரு குழு, ஒரு காலத்தில் இதே காட்டில் வயணப் பட்டை எனும் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களிடமிருந்து உருவானது. 1990களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை அவர்களோடு பேசி, காட்டைக் காக்கும் வேலைக்கும் வழிகாட்டும் வேலைக்கும் கொண்டுவந்தது. வேறு சில நடைகளில் மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்கள் வருவார்கள். பெரும்பாலானவர்களிடம் தமிழிலேயே பேசலாம். பாதையில் யானைச் சாணம் கிடந்தால் கைடு அதைக் காலால் புரட்டி, உள்ளே ஈரமும் சூடும் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வேறு தடத்தில் திருப்பிவிடுவார். அவர் திருப்பினால் திரும்பிவிட வேண்டும். "ஒரு போட்டோ மட்டும்" என்று நிற்பதெல்லாம் கூடாது.

விலங்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டால், எண்ணிக்கையில் படகைவிடக் குறைவாகத்தான் தெரியும். நடந்து போகும் மனிதனின் வாடை பட்டதுமே காடு விலகிக்கொள்ளும். ஆனால் கருமந்தியின் உறுமலும், இருவாச்சி பறக்கும்போது இறக்கையிலிருந்து எழும் பெருமூச்சுச் சத்தமும், மரத்தில் புலி நகம் கீறிய தழும்பும் படகில் கிடைக்காதவை. பட்டியல் போட்டு விலங்கு பார்க்கிறவர்களுக்கு நடை ஏமாற்றம். காட்டில் இருக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இதுதான் வழி.

கண்ணுக்குத் தெரியாத செலவு: முதலாவது அட்டை. மழைக்காலத்தில் ஒவ்வொரு இலை நுனியிலும் காத்திருக்கும். முழங்கால் வரை வரும் துணி உறையைக் கொடுப்பார்கள். அதை பேன்ட்டின் மேலே இழுத்து முடிச்சை இறுக்கிக் கட்ட வேண்டும். அப்படியும் ஒன்றிரண்டு ஏறத்தான் செய்யும். ஆபத்து இல்லை, ஆனால் ரத்தம் சட்டென்று நிற்காது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மழைக்கால நடையைத் தவிர்ப்பது நல்லது. இரண்டாவது, தெப்பம் ஒரு நாளையே விழுங்கிவிடும்; கட்டணமும் படகைவிடப் பல மடங்கு. மூன்றாவது, மழை வலுத்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ நடையைச் சுருக்கிவிடுவார்கள். அதற்காக அவர்களோடு சண்டை போடாதீர்கள்.

வண்ணச் சட்டைகளையும் சென்ட்டையும் அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

## கவி சாலை

வண்டிப்பெரியாறிலிருந்து தெற்கே திரும்பினால் வல்லக்கடவு செக்போஸ்ட். அதைத் தாண்டியதும் காட்டுச் சாலை. கவி, கொச்சு பம்பை, ஆனத்தோடு, கக்கி, மூழியாறு, ஆங்கமூழி வழியாக இறங்கிப் பத்தனம்திட்டாவில் முடிகிறது. கக்கி, பம்பை அணைகள் 1960களில் சபரிகிரி மின்திட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. சாலை பல இடங்களில் அணைகளின் மேலேயே போகும். மூழியாறு பக்கம் மலைச்சரிவில் இறங்கும் மின்நிலையக் குழாய்களைக் கடந்து போகும்.

சாலையை நேசிக்கிறவர்களுக்கு இதற்கு இணை பக்கத்தில் எதுவும் இல்லை. ஒரு வண்டி போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் ஈட்டிப்புல் பஸ் ஜன்னலைத் தடவும். எதிரே வண்டி வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும்.

போவதற்கு இரண்டு முறை உண்டு, இரண்டும் ரொம்ப வேறு.

ஒன்று, கேரள அரசு பஸ். குமுளியிலிருந்து விடியும் முன்பே ஒன்று கிளம்பும். பத்தனம்திட்டா போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். தனி அனுமதி எதுவும் வேண்டாம், செலவும் மிகக் குறைவு. யானை வழியில் நின்றால் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அந்த நிதானம் ஜீப்காரர்களிடம் அபூர்வம். ஆனால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. கழிவறை வசதி மிகக் குறைவு. இடப்பக்கமா வலப்பக்கமா என்று உட்கார்ந்த இடத்தைப் பொறுத்துப் பாதிக் காட்சிதான் கிடைக்கும்.

இன்னொன்று, கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் கவி ஏற்பாடு. குமுளியிலிருந்து ஜீப்பில் விடியற்காலை கிளம்பி, அங்கே சாப்பாடு, சின்ன நடை, கவி ஏரியில் துடுப்புப் படகு எல்லாம் சேர்த்து ஒரு நாள். தங்கவும் செய்யலாம். முன்பதிவு இல்லாமல் வல்லக்கடவில் சொந்த வண்டியை விடமாட்டார்கள். ஆங்கமூழி பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கும் தினசரி வரம்பு உண்டு. பைக்கை மறந்துவிடுங்கள்.

கவியைப் பற்றி நம்மவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1964ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினரைக் கேரளம் இங்கே குடியமர்த்தியது. 1975ல் தொடங்கிய வன மேம்பாட்டுக் கழகம் அவர்களை ஏலத்தோட்ட வேலையில் வைத்தது. கவியில் உங்களுக்கு வழி காட்டுபவரும் துடுப்புப் போடுபவரும் சோறு பரிமாறுபவரும் பெரும்பாலும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் பேசும் தமிழில் மலையகத்தின் சாயல் இன்னமும் இருக்கிறது. தாத்தா காலத்துக் கதை கேட்டால் பலரும் ஆர்வமாகச் சொல்வார்கள். சுற்றிப் பார்க்க மட்டும் போய்விட்டு, இவர்களிடம் நாலு வார்த்தை பேசாமல் திரும்புவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

விலங்கு என்று பார்த்தால் சிங்கவால் குரங்கு, மலை அணில், உயரமான புல்மேடுகளில் வரையாடு. யானையும் உண்டு, பெரும்பாலும் சாலையிலேயே.

கண்ணுக்குத் தெரியாத செலவு: கழகத்தின் கட்டணம் ஒன்று, ஜீப் வாடகை இன்னொன்று. ஜீப் வாடகையை ஆறு பேர் பகிர்ந்தால் தாங்கும், இரண்டு பேர் என்றால் கனக்கும். வளைவுகளில் வயிறு புரட்டும் குழந்தைகளுக்கு முந்தைய இரவே கவனித்துச் சாப்பாடு கொடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் சாலையை மூடிவிடுவார்கள். பஸ்ஸில் பத்தனம்திட்டா போனால் திரும்பி வர இன்னொரு ஐந்து மணி நேரம்; அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

குமுளித் தெருக்களில் "ஜீப் சஃபாரி" என்று விற்கப்படுவது பெரும்பாலும் கவியும் அல்ல, காப்பகத்தின் உட்பகுதியும் அல்ல. சுற்றுவட்டாரத்து மேடுகளுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டிப் போவார்கள். அதுவும் அழகான இடம்தான். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி போதும்: "எந்த செக்போஸ்ட் வழியா உள்ள போறீங்க?" வல்லக்கடவு என்று சொல்லி, கழகத்தின் பதிவுச் சீட்டையும் காட்டினால் அது கவி.

## மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | படகு | மூங்கில் தெப்பம் / நடை | கவி சாலை |
|---|---|---|---|
| தேவைப்படும் நேரம் | எல்லாம் சேர்த்து அரை நாள் | நடைக்கு 3 மணி நேரம், தெப்பத்துக்கு முழு நாள் | முழு நாள் |
| உடம்பு | யாரும் போகலாம். துறையில் சரிவு உண்டு | நன்றாக நடக்க வேண்டும் | உட்கார்ந்தே போகலாம். குலுக்கல் அதிகம் |
| தேக்கடி ஏரி | நடுவிலிருந்து | கரையிலிருந்தும் நீரிலிருந்தும் | தெரியாது |
| விலங்கு | எண்ணிக்கையில் அதிகம், தூரத்தில் | குறைவு, ஆனால் நெருக்கம் | அதிர்ஷ்டம். குரங்கு, வரையாடு |
| அமைதி | இல்லை | மிக அதிகம் | பஸ்ஸில் நடுத்தரம் |
| செலவு | குறைவு | அதிகம் | பஸ்ஸில் மிகக் குறைவு, ஜீப்பில் அதிகம் |
| ஏமாற்றம் வரும் இடம் | நடுப்பகல் சவாரி, கூட்டம் | மழை, அட்டை | சாலை மூடல், தவறான ஜீப் |

## நீர்மட்டத்தைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தேனி, மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் முல்லைப் பெரியாறு நீர்மட்டம் தினமும் வரும். விவசாயிகளுக்காகப் போடுகிறார்கள். சுற்றுலா போகிறவர்களுக்கும் அதைவிட நல்ல தகவல் இல்லை.

2014ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த உயர்ந்த மட்டம் 142 அடி. சுமார் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறாது. எனவே ஏரி முழுக்க வற்றுவதே இல்லை. ஆட்டமெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்.

மட்டம் 120 அடிக்குக் கீழே இறங்கியிருந்தால் கரையில் அகலமான புல்வெளி வெளியே தெரியும். உள்காட்டில் ஓடைகள் காய்ந்திருக்கும். யானையும் காட்டெருமையும் தண்ணீருக்கும் இளம்புல்லுக்கும் இந்தக் கரைக்கு வந்தே ஆக வேண்டும். மாசி முதல் வைகாசி வரை பெரும்பாலும் இந்த நிலைதான். படகுக்கு இதுவே நல்ல காலம். கூட்டமும் இப்போதுதான் அதிகம்.

மட்டம் 130ஐத் தாண்டிவிட்டால் தண்ணீர் மரங்களின் காலடி வரை வந்து நிற்கும். காட்டுக்குள் எங்கும் ஓடை, எங்கும் புல். ஏரிக்கு வர விலங்குகளுக்கு அவசியமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் படகில் போய் விலங்கு இல்லை என்று குறைப்படுவது நியாயமில்லை. ஆனால் அந்த மாதங்களில் ஏரியின் பச்சையும் மேகமும் தனி அழகு. தெப்பம் இன்னும் உள்ளே வரை போக முடியும். நடைக்கு மார்கழி, தை, மாசி மூன்றும் நல்ல மாதங்கள்: மழை நின்றிருக்கும், அட்டை குறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது.

கவிக்கு மழை ஓய்ந்த பிறகு, ஐப்பசியின் கனமழை தவிர்த்து, எப்போது வேண்டுமானாலும் போகலாம். கார்த்திகையிலிருந்து தை முதல் வாரம் வரை சபரிமலைப் பக்தர்களின் வண்டிகள் குமுளி மலைப்பாதையில் நிறைந்திருக்கும். கம்பத்திலிருந்து குமுளிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்று நம்பிக் காலைப் படகுக்கு டிக்கெட் எடுத்து, பாதி வழியில் நின்றவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் முந்தைய இரவே குமுளியில் தங்கிவிடுங்கள்.

## யாருக்கு எது?

வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் காலை முதல் படகு. வேறு யோசனையே வேண்டாம்.

நண்பர்கள் நாலைந்து பேர், ஒரே ஒரு நாள் என்றால் மூங்கில் தெப்பம். பணம் இடித்தால் காலை நடையும் மாலை 3.30 படகும். இரண்டும் சேர்ந்தாலும் தெப்பத்தைவிடக் குறைவாகவே வரும்.

கணவன் மனைவி இருவர் மட்டும், செலவு குறைவாக என்றால் கவி அரசு பஸ். பத்தனம்திட்டாவில் இறங்கி அப்படியே கோட்டயமோ செங்கன்னூரோ போய் ரயில் பிடிக்கிற மாதிரி திட்டமிட்டால் திரும்பி வரும் சுமையும் இல்லை.

ஏற்கெனவே தேக்கடி பார்த்தவர்கள் கவியில் ஓர் இரவு தங்கலாம், அல்லது எல்லை நடை போகலாம். முதல் முறை போகிறவர்கள் கவியை முதலில் வைக்க வேண்டாம். ஏரியைப் பார்க்கவே இல்லையே என்ற குறை நிற்கும்.

பறவை பார்ப்பவர்கள் காலை நடை. படகில் பைனாகுலர் ஆடிக்கொண்டே இருக்கும்.

முதலில் கேட்ட குடும்பத்துக்கு வருகிறேன். மூட்டு வலி அப்பா, யானை கேட்கும் பையன், நடக்க ஆசைப்படும் மகள், கையில் இரண்டு நாள். முதல் நாள் மதியத்துக்குள் குமுளி சேர்ந்து, எல்லோரும் 3.30 படகு. மறுநாள் காலை முதல் நடைக்கு மகள் மட்டும். பையனுக்குப் பத்து வயது தாண்டியிருந்து, மூன்று மணி நேரம் பேசாமல் நடப்பான் என்றால் அவனையும் சேர்க்கலாமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா அறையில் ஓய்வெடுக்கட்டும். பதினொரு மணிக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் மதுரை. இரண்டு நாளில் கவியை நுழைக்கப் பார்க்காதீர்கள். அப்பாவின் முட்டி தாங்காது.

படகையும் நடையையும் அந்தந்த அரசு இணையதளங்களிலேயே முன்பதிவு செய்யலாம். விடுமுறை நாள் என்றால் தங்கும் அறைக்கு முன்னால் இவற்றை எடுங்கள். குமுளியில் அறை எப்படியும் கிடைத்துவிடும்; 7.30 படகில் நாலு இருக்கை கடைசி நேரத்தில் கிடைக்காது. பதிவுச் சீட்டில் உள்ள பெயருக்கு அடையாள அட்டை கேட்பார்கள், அசலை எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் பாட்டில், மழைக்கோட்டு, மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி இருந்தால் போதும்.